பேண்டுக்குக் கட்டம் இல்லாத படிவம்: கல்கத்தா வானொலியும் ராக் இசையும்

இந்தியாவின் முதல் மெட்ரோ இரயில் 1984 அக்டோபர் 24 அன்று கல்கத்தாவில் ஓடத் தொடங்கியது. எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர் தொலைவு. இடையில் பார்க் ஸ்ட்ரீட், மைதான், ரவீந்திர சதன். பவானிபூர் நிலையம் இன்று நேதாஜி பவன் எனப் பெயர் மாறியிருக்கிறது. நகரத்தின் இசை வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த ஐந்து நிலையங்களும் வேறொரு வரைபடமாகத் தோன்றும். எஸ்பிளனேடு முனையிலிருந்து நடந்தே போகும் தொலைவில், ஈடன் கார்டன்ஸ் அருகே, ஆகாஷவாணி பவன். பார்க் ஸ்ட்ரீட்டில் மேற்கத்திய இசைக்குழுக்கள் இரவுதோறும் வாசித்த உணவகங்கள். ரவீந்திர சதனில் அரசு அரங்கம். மறுமுனையான பவானிபூரில், அந்த வானொலியைக் கேட்டு வளர்ந்த, அதில் பாடவும் பேசவும் போன நடுத்தர வர்க்கக் குடும்பங்கள். ஒரு ராக் நிகழ்ச்சி உருவாவதற்கு வேண்டிய நிலையம், மேடை, கலைஞர், நேயர் என்ற நான்கும் சில நிமிடப் பயணத்துக்குள் அடங்கியிருந்தன. இருந்தும் கல்கத்தா வானொலியில் ராக் இசை அரைமணி நேரத் துண்டுகளாகவே கழிந்தது. இதற்குக் காரணம் கேட்டால் வங்காளிகளின் ரவீந்திர பக்தி என்றோ, ராக் மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு என்றோ இரண்டு ஆயத்த விடைகள் கிடைக்கின்றன. இரண்டும் போதுமானவையல்ல. நிலையத்தின் படிவங்களையும், பின்னாளில் வந்த உரிமக் கணக்கையும் படித்தால் வேறு காரணங்கள் தெரிகின்றன.

'ஆல்டர்னேட்டிவ் ராக்' என்ற பெயரே வானொலியோடு பின்னிப்பிணைந்தது என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1980களில் கல்லூரி வளாக நிலையங்களும் சில வணிக நிலையங்களும் பெருநிலையங்கள் தொடாத இசைத்தட்டுகளைச் சுழற்றின. அந்தச் சுழற்சியை அளக்க 1988இல் பில்போர்டு இதழ் 'மாடர்ன் ராக்' என்று தனிப் பட்டியலே தொடங்கியது. அதாவது, இசையின் ஒலியமைப்பைக் காட்டிலும், எந்த நிலையம் எதை ஒலிபரப்பவில்லை என்பதே இந்த வகைமையின் எல்லைக்கோடாக இருந்தது. 'மாற்று' என்ற சொல்லுக்குள் 'எதற்கு மாற்று' என்ற கேள்வி எப்போதும் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறிவிடலாம்: திரைப்பாடல். வங்கத்தில் அவ்வாறு முடியாது. அங்கே திரைப்பாடலுக்கு முன்னதாகவே ரவீந்திர சங்கீதம், நஸ்ருல் கீதம், 'ஆதுனிக்' எனப்படும் நவீன மெல்லிசை எனப் பல அடுக்குகளை வானொலியும் கிராமபோன் நிறுவனங்களும் சேர்ந்து கட்டி வைத்திருந்தன. புதிதாக வரும் ஓசை எதுவாயினும் இவற்றுள் ஒன்றில் அடங்கவேண்டும். அடங்காவிட்டால், 'மேற்கத்திய இசை' என்ற தனி அறைக்குப் போகவேண்டும்.

கல்கத்தா நிலையம் 1927 ஆகஸ்ட் 26 அன்று கார்ஸ்டின் பிளேஸில் தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில் வாசல் இவ்வளவு இறுக்கமாக இல்லை. பவானிபூர் மித்ரா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் படித்த இரு நண்பர்களின் கதை இதற்குச் சான்று. ஒருவர் ஹேமந்த முகோபாத்யாய். இந்தித் திரையுலகம் பின்னர் ஹேமந்த் குமார் என்று அறிந்தவர். மற்றவர் சுபாஷ் முகோபாத்யாய். பின்னாளில் வங்கத்தின் முதன்மையான இடதுசாரிக் கவிஞர். 1930களின் நடுவில் ஹேமந்த முதன்முதலாக வானொலியில் பாடியபோது அந்தப் பாட்டை எழுதியவர் இந்தப் பள்ளித் தோழர்தான். பதின்பருவத்தினர் இருவர், தாங்களே எழுதித் தாங்களே பாடி, நகரின் ஒரே வானொலி நிலையத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ராக் குழுக்கள் நிலையத்திடம் எதிர்பார்த்ததும் ஏறக்குறைய இதுதான்.

இடைப்பட்ட காலத்தில் நிலையத்தின் உள்ளமைப்பு மாறிவிட்டது. 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்களை ஏறத்தாழ வெளியேற்றியதற்காகவே அதிகம் நினைவுகூரப்படுகிறார். அதனால் இலங்கை வானொலிக்குக் கிடைத்த கொடையைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால், அவர் காலத்தில் நிறுவப்பட்ட குரல்தேர்வு முறையே நீண்டகால விளைவு கொண்டது. கலைஞர்கள் நடுவர் குழுவின் முன் பாடி 'பி', 'பி ஹை', 'ஏ', 'டாப்' எனத் தரம் பெறவேண்டும். மெல்லிசையில் பாடலாசிரியர் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருப்பவராகவும், இசையமைப்பவர் தனியே ஒப்புதல் பெற்றவராகவும் இருக்கவேண்டும். பாடுபவர் மூன்றாவது நபர். வாத்தியக்காரர்கள் நிலையத்தின் ஊதியப் பட்டியலில் இருப்பவர்கள். ஒரு பாடல் இந்த நான்கு மேசைகளையும் கடந்தே ஒலிவாங்கியை அடையும்.

இந்த ஏற்பாட்டைப் பழிப்பதற்கில்லை. கர்நாடக, இந்துஸ்தானி இசைக்கலைஞர்கள் பலருக்கு மன்னர்களும் ஜமீன்களும் போனபின் சோறுபோட்டது வானொலிதான். இருப்பினும், ஒரு ராக் குழுவின் இயக்கம் இதற்கு நேர்மாறானது. பாட்டெழுதுபவர், மெட்டமைப்பவர், பாடுபவர், வாசிப்பவர் எல்லோரும் அங்கே ஒரே நான்கைந்து பேர். பதிப்பாசிரியர் என்று ஒருவரைச் சுட்ட முடியாத கூட்டுரிமை. அவர்களுள் கிட்டாரிஸ்டைத் தனியே தரப்படுத்துவதில் பொருளில்லை. பாடகர் 'பி' தரம், தாளக்காரர் 'ஏ' தரம் என்று வந்தால் குழுவுக்கு என்ன தரம்? வானொலியின் படிவத்தில் பாடகருக்குக் கட்டம் இருந்தது, பாடலாசிரியருக்குக் கட்டம் இருந்தது, பேண்டுக்கு இல்லை.

வங்க மொழியிலும் இந்தச் சொல்லின் பயணம் கவனிக்கத்தக்கது. நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களின் 'பேண்டு வாத்தியம்' போலவே, அங்கும் 'பேண்ட் பார்ட்டி' என்றால் பித்தளைக் கருவிகளும் சீருடையும்தான். அதே சொல் 1990களின் இறுதியில் 'பாங்களா பேண்ட்' என்ற தொடரில் வேறு பொருள் பெற்று, 'பேண்டேர் கான்', அதாவது பேண்டின் பாட்டு, என்று ஒரு வகைமையின் பெயராகவே ஆனது. ஆதுனிக் என்பது காலத்தைச் சுட்டும் பெயர்; ரவீந்திர சங்கீதம் ஆசிரியரைச் சுட்டும் பெயர். பேண்டேர் கான் என்பதோ, பாடலை யார் சேர்ந்து செய்தார்கள் என்ற உற்பத்தி முறையைச் சுட்டுகிறது. கட்டம் இல்லாத படிவத்துக்கு மொழி தானே ஒரு கட்டம் வரைந்துகொண்டது எனலாம். ஆனால், அது நடப்பதற்குள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போய்விட்டன.

அந்த முப்பது ஆண்டுகளில் நிலையத்தின் கதவு முற்றாக மூடிக் கிடந்தது என்று சொல்வது நியாயமாகாது. கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களையும் ஆங்கிலம் படித்தவர்களையும் கருதி மேற்கத்திய இசைக்கு ஒலிபரப்பில் இடமிருந்தது. 'மியூசிக்கல் பேண்ட்பாக்ஸ்' என்னும் நேயர் விருப்ப நிகழ்ச்சியை அந்தத் தலைமுறை இன்றும் நினைவுகூர்கிறது. அது இசைத்தட்டுகளின் உலகம். இலண்டனிலும் அமெரிக்காவிலும் பதிவானவை அங்கே ஒலிக்கும். நகரத்துக் குழுக்கள் தாமே எழுதியவை ஒலிக்க வேறு வாசல் வேண்டும். அந்த வாசல் 1969இல் தில்லியில் திறந்தது. 15 முதல் 30 வயது வரையிலானோருக்காக அகில இந்திய வானொலி தொடங்கிய யுவ வாணி, பிற நிலையங்களுக்கும் பரவி, கல்கத்தாவில் 'யுவபாணி' ஆயிற்று. சென்னை, திருச்சி நிலையங்களின் 'இளையபாரதம்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் சாயல் விளங்கும். நிகழ்ச்சியை இளைஞர்களே வழங்குவார்கள். கவிதை, விவாதம், வேலைவாய்ப்புத் தகவல் ஆகியவற்றுக்கு நடுவே கிட்டாரோடு வந்த கல்லூரி மாணவர்களுக்கும் இடம் கிடைக்கும். பெரியவர்களுக்கான தரவரிசை ஏணியின் கடுமை அங்கே இல்லை. கல்கத்தா வானொலி ராக்கோடு செய்துபார்த்த உண்மையான சோதனை என்று ஒன்றைச் சுட்டவேண்டுமானால் அது இதுவே.

இந்தச் சோதனை எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்பதை அறிய, ஏறத்தாழ அதே காலத்தில் வேறொரு நாட்டின் அரசு வானொலி செய்ததை வைத்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனம் 1975 ஜனவரி 19 அன்று சிட்னியில் 'டபுள் ஜே' என்ற இளைஞர் நிலையத்தைத் தொடங்கியது. வணிக நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்த ஓர் உள்ளூர்க் குழுவின் பாடலையே தன் முதல் பாடலாக அது ஒலிக்கவிட்டது. உள்ளூர்க் குழுக்களின் கச்சேரிகளைப் பதிவு செய்து பரப்பியது. 1980இல் பண்பலைக்கு மாறி, 1989 முதல் நாடு தழுவிய வலைப்பின்னலாக விரிந்து, 'டிரிபிள் ஜே' என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. இரண்டும் அரசுப் பணத்தில் நடந்தவை. இரண்டின் இலக்கும் ஒரே வயதினர். கல்கத்தாவினுடையது காலத்தாலும் அதிகம் பிந்தியதல்ல. வேறுபாடு ஒன்றுதான்: சிட்னியில் இளைஞர்களுக்கு ஓர் அலைவரிசையையே, அதன் முழுநேரத்தோடும் தேர்வுரிமையோடும் ஒப்படைத்தார்கள். கல்கத்தாவில் பலவகை நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு துண்டு நேரம் தரப்பட்டது. துண்டு நேரத்தில் ஒரு குழுவை அறிமுகம் செய்யலாம். அதே பாட்டை மறுபடி மறுபடி ஒலிக்கவிட்டுக் காதில் படியவைக்க முடியாது. ராக் இசையின் வானொலி வாழ்வு அந்த மறுபடியில்தான் இருக்கிறது.

பார்க் ஸ்ட்ரீட்டில் அந்த நாட்களில் திறமைக்குப் பஞ்சமில்லை. மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மவுண்ட் ரோட்டின் 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் பட்டுச்சேலை உடுத்தி ஆங்கிலப் பாடல்கள் பாடிப் பெயர்பெற்ற உஷா ஐயர், 1969இல் பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ் உணவகத்துக்கு வந்தார். உஷா உதூப் என்று நாடறிந்தவர் அவரே. திலீப் பாலகிருஷ்ணனின் 'கிரேட் பேர்', அதன்பின் 'ஹை' ஆகிய குழுக்கள் ஆங்கிலத்தில் சொந்தப் பாடல்களை எழுதி வாசித்தன. பிரதிக்குப் பதில் படைப்பு என்ற மாற்றம் கல்கத்தாவில் எழுபதுகளிலேயே நிகழ்ந்துவிட்டது.

அந்த மாற்றத்தின் வங்க முகம் 'மொஹீனேர் கோராகுலி'. பெயர் ஜீவனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. கௌதம் சட்டோபாத்யாய் பிரெசிடென்சி கல்லூரியில் படித்தவர். பார்க் ஸ்ட்ரீட்டில் ஆங்கிலோ-இந்திய நண்பர்களோடு வாசித்தவர். நக்சல்பாரி இயக்கத் தொடர்பால் சிறை சென்று, சில காலம் வங்கத்துக்கு வெளியே வாழ்ந்து திரும்பியவர். எழுபதுகளின் நடுவில் தம் சகோதரர்களையும் நண்பர்களையும் சேர்த்து நக்தலாவில் இந்தக் குழுவை அமைத்தார். பவுல் பாடல், ஜாஸ், நாட்டார் மெட்டு, மின்கிட்டார் எல்லாம் கலந்த ஓசை. 1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று சிறு இசைத்தட்டுகள், வெவ்வேறு சிறிய நிறுவனங்களின் வழியாக. விற்பனை சொற்பம். குழு 1980களின் தொடக்கத்தில் கலைந்தது. அரங்கக் கச்சேரிகளின் வழியே கேட்டவர்கள் கேட்டார்கள். இவர்கள் ஆதுனிக் பாடகர்களும் அல்லர், ஆங்கிலம் பாடாததால் 'மேற்கத்திய இசை'யும் அல்லர். நிலையத்தின் இரண்டு கதவுகளுக்கும் நடுவிலிருந்த சுவரில் போய் நின்றவர்கள்.

அதே ஆண்டுகளில் நிலையம் வேறொரு சோதனை செய்து கையைச் சுட்டுக்கொண்டது. அது ராக் அன்று. ஆயினும் அடுத்த பல ஆண்டுகளுக்குக் கல்கத்தாவில் எந்த நிகழ்ச்சி அதிகாரியும் மறந்திருக்க முடியாத பாடம் என்பதால் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. மகாளய அமாவாசை விடியலில், 1930களிலிருந்து, 'மகிஷாசுரமர்த்தினி' ஒலிபரப்பாகி வருகிறது. எழுத்து பாணிகுமார், இசை பங்கஜ் மல்லிக், ஓதுபவர் வீரேந்திர கிருஷ்ண பத்ர. நெருக்கடி நிலைக் காலமான 1976இல் அதை விலக்கிப் புதிய நிகழ்ச்சியொன்றை நிலையம் ஒலிபரப்பியது. வாசித்தவர் உத்தம்குமார்; இசை ஹேமந்த முகோபாத்யாய்; பாடியவர்களுள் லதா மங்கேஷ்கரும் உண்டு. இருபெரும் நட்சத்திரங்கள், ஒருவர் பவானிபூர் கிரீஷ் முகர்ஜி சாலைக்காரர், மற்றவர் அதே பவானிபூரில் பள்ளி சென்றவர். நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆகாஷவாணி பவன் முன் கூட்டம் கூடியது. அதே ஆண்டு சஷ்டியன்று பழைய நிகழ்ச்சியை ஒலிபரப்ப நேர்ந்தது. மறு ஆண்டிலிருந்து பழையதே நிலைபெற்றது. வங்கத்தின் மிகப் புகழ்பெற்ற நடிகராலேயே ஒரு மரபுக் குரலை மாற்ற முடியவில்லை.

இதை மக்களின் வெற்றி என்று கொண்டாடுவோர் உண்டு. நெருக்கடி நிலையில் அரசு நிறுவனம் ஒன்று பணிந்தது என்ற அளவில் அது உண்மையும்கூட. எனினும், அந்த நேயர் திரளின் மறுபக்கத்தையும் காணவேண்டும். பழக்கப்பட்டதைக் காக்கக் கூட்டம் கூடும். பழகாததைக் கேட்டுக் கூட்டம் கூடாது. யுவபாணியின் அரைமணி நேரம் குறைக்கப்பட்டாலும் கூட்டப்பட்டாலும் ஈடன் கார்டன்ஸ் அருகே யாரும் திரளப்போவதில்லை. கேட்டுப் பழகும் முன்னரே ஓர் இசைக்கு ஆதரவாளர்களைக் காட்டச் சொல்வது விதை நடும் முன் விளைச்சலைக் கேட்பது போன்றது.

எண்பதுகளில் காற்று இன்னும் எதிராக வீசியது. இடது முன்னணி ஆட்சியில் 'அபசம்ஸ்கிருதி' என்ற சொல் அரசியல் வழக்காயிற்று. பண்பாட்டுச் சீரழிவு என்று தமிழ் மேடைகளில் சொல்வோமே, அதுதான். பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷா உதூப்பின் பாடல்களை அந்தச் சொல்லால் குறித்து அரசு அரங்கங்களை அவருக்கு மறுத்தார். பாடகி நீதிமன்றம் சென்று வென்றார். வானொலி மத்திய அரசினுடையது, அரங்கம் மாநில அரசினுடையது. இரண்டும் வெவ்வேறு கட்சிகளின் கையில் இருந்தும், மின்கிட்டாரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் ஒன்றுபட்டிருந்தன. கேட்க விரும்பியவர்கள் சிற்றலையில் பிபிசியையும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையும் தேடினார்கள். பின்னாளில் 1992இல் 'தொமாகே சாய்' தொகுப்பால் வங்கப் பாட்டைப் புரட்டிப்போட்ட சுமன் சட்டோபாத்யாய் அதற்கு முன் ஜெர்மன் வானொலியிலும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவிலும் வங்க ஒலிபரப்பாளராகப் பணியாற்றியவர் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பொருத்தமான தற்செயல்.

அரசின் ஒலிபரப்புத் தனியுரிமையை அசைத்த வழக்கும் கல்கத்தாவிலிருந்தே புறப்பட்டது. 1993 நவம்பரில் ஹீரோ கோப்பைக் கிரிக்கெட்டை ஒளிபரப்பும் உரிமையை வங்க கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அளித்தது; தூர்தர்ஷனும் அமைச்சகமும் எதிர்த்தன. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவை அரசின் தனியுடைமை அல்ல என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வழங்கிய அமர்வில் நீதிபதிகள் பி.பி. சாவந்த், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோருடன் தமிழகத்தைச் சேர்ந்த எஸ். மோகனும் இருந்தார். அலைவரிசைகளைப் பன்முகக் கருத்துகளுக்கும் பயன்படும்படி ஒரு பொது அமைப்பு நிர்வகிக்கவேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். நடைமுறையில் வந்தது ஏலம்.

முதற்கட்டத் தனியார் பண்பலை ஏலத்தில் 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் அறிவிக்கப்பட்டன. உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் 15 சதவீதம் உயரும். ஏலத்தில் வென்றவர்களுள் பலர் பணம் கட்டாமல் விலகினர். எஞ்சியவற்றில் 20 நிலையங்கள் அளவிலேயே உருப்பெற்றன. கொல்கத்தாவில் (2001இல் நகரின் பெயர் மாறியிருந்தது) 2003இல் ரேடியோ மிர்ச்சி, ரெட் எஃப்எம், பவர் எஃப்எம், ஆமார் எஃப்எம் என நான்கு நிலையங்கள் வந்தன. செய்தி ஒலிபரப்பத் தடை. ஒரு நகரில் ஓர் உரிமையாளருக்கு ஒரு நிலையம் மட்டுமே.

இந்தக் கடைசி விதி முற்போக்கானதாகத் தோன்றும். ஏகபோகம் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால், 1952லேயே பொருளியலாளர் பீட்டர் ஸ்டைனர் அமெரிக்க வானொலியை முன்வைத்து ஒரு சங்கடமான கணக்கைக் காட்டியிருந்தார். அதை நம் சூழலுக்கு ஏற்றி இப்படிச் சொல்லலாம். ஒரு நகரில் 100 நேயர்கள் இருப்பதாகவும், 80 பேர் திரைப்பாடலையும் 20 பேர் ராக்கையும் விரும்புவதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் நிலையம் திரைப்பாடலுக்கே போகும். இரண்டாவது நிலையத்துக்கு, ராக்கில் 20 பேர் கிடைப்பார்கள். திரைப்பாடலில் பாதிப்பங்காக 40 பேர் கிடைப்பார்கள். மூன்றாவதற்கும் 26 பேருக்கு மேல் திரைப்பாடலிலேயே கிடைப்பார்கள். நான்காவதற்கு இரண்டும் சமம். ஐந்தாவது நிலையம் வந்தால்தான் ராக் இலாபகரமாகும். போட்டி கூடக்கூட வகை பெருகும் என்ற நம்பிக்கைக்கு நேர்மாறாக, போட்டியாளர்கள் ஒரே இடத்தில் குவிவார்கள். நான்கு நிலையங்களும் ஒரே உரிமையாளரிடம் இருந்திருந்தால், தன் நேயரைத் தானே திருடுவதில் பயனில்லாமல் அவர் ஒன்றையாவது ராக்கிற்கு விட்டிருப்பார். 2003இல் கொல்கத்தாவில் இருந்தவை நான்கு நிலையங்கள், நான்கு உரிமையாளர்கள்.

ஸ்டைனரின் கணக்கு ஒவ்வொரு நேயரும் தனக்குப் பிடித்த ஒன்றைத் தவிர வேறெதையும் கேட்கமாட்டார் என்று கொள்கிறது. மெய்யுலகில் ராக் இரசிகரும் தேநீர்க்கடையில் திரைப்பாடல் கேட்பார். அதனால் ராக் நிலையத்தின் இலாபம் இன்னும் தள்ளிப்போகிறது. மறுபுறம், கொல்கத்தாவில் சந்தையைப் பிளந்த கோடு இசைவகை அன்று, மொழி. இந்தி நிலையங்களுக்கு எதிரே முழுதும் வங்க மொழியில் இயங்குவதாக ஆமார் எஃப்எம் தன்னை நிறுத்திக்கொண்டது. இந்த மொழிப் போட்டியின் ஓரத்தில்தான் பாங்களா பேண்டுகளுக்கு வானொலி கதவு திறந்தது. கௌதம் சட்டோபாத்யாய் 1995இல் தொகுத்த 'ஆபார் பொச்சோர் குரி போரே' என்ற ஒலிநாடா, பழைய கோராகுலிப் பாடல்களையும் இளைய குழுக்களையும் சேர்த்து அடுத்த தலைமுறையை உருவாக்கியிருந்தது. சந்திரபிந்து, காக்டஸ், பூமி, ஃபாசில்ஸ் ஆகிய குழுக்கள் மேடையிலும் ஒலிநாடாவிலும் கூட்டத்தைத் திரட்டியிருந்தன. வங்க மொழி நிலையத்துக்குப் புதிய வங்கப் பாடல்கள் வேண்டும். வங்கத் திரைப்பாடல் அப்போது நலிந்திருந்தது. பேண்டுகளிடம் பாடல்கள் இருந்தன. ராக்கை ராக் என்பதற்காக யாரும் அழைக்கவில்லை. 1999 ஜூனில் மறைந்த கௌதம் இந்த வரவேற்பைக் காணவில்லை.

2005இல் இரண்டாம் கட்டக் கொள்கை ஏறும் கட்டணத்தை நீக்கி, வருவாயில் 4 சதவீதப் பங்கு என்று மாற்றியது. நாடெங்கும் நிலையங்கள் பெருகின. பெங்களூரில் 2006இல் ரேடியோ இண்டிகோ முழுநேர ஆங்கில இசை நிலையமாக வந்து நிலைத்தது. மென்பொருள் துறையின் ஊதியமும், பல மாநிலத்தவர் கலந்திருந்ததால் எந்த ஒரு மொழியும் முழு ஆதிக்கம் பெறாத நேயர் பரப்பும் அதற்கு அடித்தளம். கொல்கத்தாவில் அத்தகைய நிலையம் எதுவும் வேரூன்றவில்லை. நிலையங்கள் கூடிய பின்பும் ஐந்தாவது நிலையத்தின் கணக்கு பலிக்காமற் போனதற்கு விளம்பரதாரர்களே காரணம். நேயர் எண்ணிக்கை சமமாக இருந்தாலும் அவர்கள் இந்திப்பட நேயருக்கே அதிக விலை கொடுத்தார்கள்.

டபுள் ஜேவுக்கு நிகராக இந்தியச் சட்டம் விட்டுவைத்த ஒரே இடம் வளாக வானொலி. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் முதலாவதாக ஒலித்தது. கொல்கத்தாவில் 2008இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் ரேடியோ ஜேயூ தொடங்கியது. அமெரிக்காவில் ஆல்டர்னேட்டிவ் ராக்கைப் பெற்றெடுத்ததே இத்தகைய வளாக நிலையங்கள்தாம் என்பதால், இது சரியான இடத்தில் வந்த நிலையமே. ஆனால், இந்திய விதிகள் சமுதாய வானொலியிடம் வளர்ச்சி, வேளாண்மை, உடல்நலம், கல்வி ஆகியவற்றையே எதிர்பார்க்கின்றன. திறன் நூறு வாட் அளவில், வீச்சு சில கிலோமீட்டர் சுற்றளவில். இரவு முழுதும் விருப்பம்போல் இசைத்தட்டு சுழற்றும் மாணவர் என்ற உருவத்துக்கு அங்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

மொஹீனேர் கோராகுலியின் பாடலொன்று மட்டும் இந்தியாவின் பண்பலை நிலையங்கள் பலவற்றிலும், கொல்கத்தாவின் இந்தி நிலையங்கள் உட்பட, ஓயாமல் ஒலித்த ஆண்டு உண்டு. உலகம் சுருங்கிக்கொண்டே வருவதைப் பற்றி 1995 தொகுப்பில் இடம்பெற்ற பாடலின் மெட்டை எடுத்து, கொல்கத்தாக்காரரான இசையமைப்பாளர் பிரீதம் 2006இல் 'கேங்ஸ்டர்' படத்துக்காக 'பீகி பீகி' என்ற பாடலை அமைத்தார். பாடியவர் வங்கதேசத்தின் ராக் பாடகர் ஜேம்ஸ். நக்தலாவின் ராக் குழு உருவாக்கிய மெட்டும் டாக்காவின் ராக் குரலும் சேர்ந்து பவானிபூர் வீடுகளுக்குள் நுழைந்தபோது, நிலையங்களின் பட்டியலில் அது 'இந்தித் திரைப்பாடல்' என்ற பிரிவில் இருந்தது.